வண்டியில் மட்டும் வாயாடி

"இன்னும் கொஞ்சம் இடது. இன்னும். போதும், நேரா விடு," என்றாள் ஆர்லிஸ், உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு. "வேலி ரெண்டு முழத்துல இருக்கு. இப்போ வளைவு வருது. மூணு, ரெண்டு, ஒண்ணு. திருப்பு."

ஹார்லன் திருப்பினார். நான்கு சாம்பல் நிறக் குதிரைகளும் கழுத்தை வளைத்து, முழங்காலை மார்புவரை தூக்கி, ஒரே தாளத்தில் திரும்பின. ஒவ்வொன்றும் ஒரு டன் எடை. கைதட்டல் எழுந்தது. மேடையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பெண்மணி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"அங்க பாரு, ஆர்லிஸுக்கு இன்னைக்கும் வாய் மூடல," என்று யாரோ கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சொல்லிச் சிரித்தார்கள். மாவட்டப் பொருட்காட்சி முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். வண்டியில் ஏறிவிட்டால் வாயாடி. குதிரைகளின் நடைக்கும் திருப்பத்துக்கும் மதிப்பெண் போடும் நடுவர் முன்னால் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவள். போன வருஷம் உள்ளூர்ப் பத்திரிகையில் படமே போட்டார்கள், நாற்பது வருஷம் ஆகியும் பேச்சு தீராத தம்பதி என்று எழுதி. ஆர்லிஸ் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

ஹார்லனுக்குக் கண் தெரியாது. முழுக்கத் தெரியாது என்றில்லை. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவு. அதைச் சுற்றி ஓரங்களில் மட்டும் வெளிச்சமும் நிறமும். எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் கண் டாக்டர் இனிமேல் கார் ஓட்டக்கூடாது, டிராக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். "குதிரை ஓட்டக்கூடாதுன்னு சொல்லலையே," என்றார் ஹார்லன் வீடு திரும்பும் வழியில். உண்மைதான். அந்த டாக்டருக்கு அப்படி ஒன்று தோன்றியே இருக்காது.

அந்த வருஷம் முதல் போட்டியில் வண்டிச் சக்கரம் வாசல் தூணை உரசிக்கொண்டு போனதை ஆர்லிஸ் பார்த்தாள். மறுநாள் நல்ல சட்டையைப் போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு, அதுவரை வேலையாள் உட்கார்ந்து வந்த பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஹார்லன் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை. வீட்டில் "காபி ஆறுது" என்பாள் இவள், "ம்" என்பார் அவர். அதில் ஒரு நாள் ஓடிவிடும்.

"முன்னால மைலோ வண்டி. நல்ல தூரத்துல இருக்கு. அப்படியே போ," என்றாள். பேசிக்கொண்டே இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் தெரியாது. இடது பக்கம் மண்ணில் குளம்புச் சத்தம் நெருங்கியது அவளுக்கு உறைக்கும்போது, கறுப்புக் குதிரைகள் நான்கு பூட்டிய வெள்ளை வண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டிருந்தது. அதன் சக்கரக் குடம் இவர்கள் சக்கரத்தை நோக்கி வந்தது.

"வலது! ஹார்லன், வலது!"

அவர் கை அவள் வாயைவிட வேகம். வண்டி வலப்பக்கம் துள்ளியது. உரசும் சத்தம் ஒன்று கேட்டது. அப்போதுதான் ஆர்லிஸ் வேலியைப் பார்த்தாள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கம்பிகளுக்கு இடையே இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. சிவப்பு ரப்பர் காலணி. சக்கரம் அந்தக் காலணியை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. அம்மாக்காரி குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, என்னவோ வேடிக்கை நடந்தது போலச் சிரித்தாள்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் போய் நின்றார்கள், நடுவர் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டச் சொன்னார், காட்டினார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

கொட்டிலுக்கு வந்ததும் மகள் ட்ரூடி சேணத்தைக் கழற்ற ஓடிவந்தாள். ட்ரூடிக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு மணி நேரத் தொலைவில் நகரத்தில் வேலை. போட்டிக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, விடியற்காலையில் ஏணி போட்டு ஏறி குதிரைகளின் பிடரி மயிரைப் பின்னி ரிப்பன் கட்டுவாள். அப்பாவின் கண்ணாடி கொஞ்சம் தடிமனாகிவிட்டது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சேதி.

"அப்பா, சூப்பர். அந்தக் கடைசி வளைவுல என்ன ஒரு திருப்பு!"

"ம்," என்றார் ஹார்லன்.

ட்ரூடி குதிரைகளைத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போனாள். ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தொப்பி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"முடிஞ்சது, ஹார்லன்."

"என்ன முடிஞ்சது?"

"சாயங்காலம் ஆறு குதிரைப் போட்டிக்கு நான் வண்டில ஏற மாட்டேன்."

அவர் மடக்கு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "சரி," என்றார்.

"சரின்னா என்ன அர்த்தம்?"

"நீ ஏறாட்டி தனியா போறேன். முன்னால பன்னெண்டு கண்ணு இருக்கு. எல்லாம் நல்லாத் தெரியிற கண்ணு."

"ஒரு குழந்தை கால வேலிக்குள்ள விட்டுட்டு உக்காந்திருந்துச்சு. பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வியின் கொடூரம் அவளுக்கே சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீ எங்க பாத்திருப்ப. இவ்வளவு தூரம்," என்று அவர் கையைப் பிடித்து ஒரு சாண் விரித்துக் காட்டினாள். "இவ்வளவுதான்."

ஹார்லன் அந்தச் சாணை விரித்தபடியே வைத்திருந்தார். அவர் முகம் கொஞ்சம் கறுத்தது.

"பின்னால வந்தது யாரு?" என்று கேட்டார். "மைலோ இல்லையா?"

"மைலோ முன்னால இருக்கான்னு அப்பவே சொன்னேனே. நம்மள முந்துனது யாரோ புது ஆளு. கறுப்புக் குதிரை."

"ஓ. புது ஆளா." என்னவோ புரிந்துவிட்டது போல அவர் நாற்காலியில் சாய்ந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"யாரா இருந்தா என்ன? போதும்னு சொல்லிரு. இன்னைக்கே சொல்லிரு. கவுரவமா ஒதுங்கிக்கலாம்."

"இன்னைக்கு ஒரு தடவை."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"போன வருஷம் பொய் சொன்னேன்," என்றார் ஹார்லன். தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். "ரெண்டு மணிக்கு எழுப்பு."

அவ்வளவுதான். இனி பேசினாலும் தொப்பியோடுதான் பேச வேண்டும்.  நாற்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷனை மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும் போல இருந்திருக்கிறது. இது அதில் ஒன்று. பிறகு கொட்டிலைவிட்டு வெளியே வந்து, பொருட்காட்சி அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். என் புருஷனுக்குக் கண்ணு தெரியாது. சாயங்காலம் அவர உள்ள விடாதீங்க. நடக்க நடக்க அதை மனப்பாடம் செய்தாள். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பொறுப்பாளர் கொட்டிலுக்கு வருவார். நாலு பேர் பின்னால் வருவார்கள். ஹார்லன் எழுந்து நிற்பார், யார் முகமும் தெரியாமல். வாங்கிய பரிசு ரிப்பன்களைப் பற்றியெல்லாம் பேச்சு வரும். வீட்டுக்குப் போன பிறகு, இன்னும் இருக்கிற பத்தோ பதினைந்தோ வருஷத்துக்கு, எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவளாக.

சொல்லாவிட்டால் அந்தச் சிவப்புக் காலணி.

அலுவலகம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது; ஒன்றரைக்குமேல் திறந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் வைக்கோல் ஈரமாக இருக்கிறது என்று சண்டை போட்டார். இன்னொருவர் தன் வண்டி எண் அட்டையைத் தொலைத்துவிட்டு, அலுவலகம்தான் தொலைத்தது என்று சாதித்தார். ஆர்லிஸ் அந்த இரண்டு வாக்கியத்தையும் இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே தண்ணீர்க் குழாயடியில் மைலோ வாஷெக் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இவள் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

"வா ஆர்லிஸ்," என்றார் பொறுப்பாளர் அவள் முறை வந்ததும். "என்ன அதிசயமா பேசாம நிக்கிற? உடம்பு சரியில்லையா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்று வாசலில் குரல் கேட்டது. ட்ரூடி நின்றிருந்தாள். கையில் பாதி அவிழ்ந்த ரிப்பன் சுருள், அதன் நுனி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்திருந்தது. "அம்மா, ரெண்டு மணி ஆச்சுன்னு எழுப்பினேன். அப்பா எழுந்திரிக்கல."

இனி சாயங்காலம் ஏற வேண்டாம்.

இதுதான் ஆர்லிஸுக்கு முதலில் தோன்றியது. ஹார்லன் இறந்துவிட்டார் என்பது அதற்கு அடுத்துதான் வந்தது. ஒரு நொடிதான் வித்தியாசம், ஆனால் எது முந்தியது என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஓடும்போதே அதை நினைத்துக்கொண்டு ஓடினாள்.

முதலில் வந்தவர் கால்நடை டாக்டர். அடுத்த கொட்டிலில் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி பார்த்துக்கொண்டிருந்தவர், கூப்பிட்டதும் அப்படியே வந்து, அந்தக் குதிரையின் வயிற்றில் வைத்திருந்த ஸ்டெதஸ்கோப்பையே ஹார்லனின் நெஞ்சில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தூக்கத்துலயே போயிருக்காரு, ஆர்லிஸ். அவருக்கே தெரிஞ்சிருக்காது," என்றார். மனுஷ டாக்டர் சொல்லியிருந்தால்கூட அவள் அவ்வளவு நம்பியிருக்க மாட்டாள்.

தொப்பி முகத்திலேயே இருந்தது. ட்ரூடி அதை எடுக்கத் துணியாமல் தோளைத்தான் உலுக்கியிருக்கிறாள். ஆர்லிஸ் அதை எடுத்தாள். கீழே இருந்த முகத்தில் கோபமும் இல்லை, வலியும் இல்லை. கண்கள் மூடியிருந்தன. அவள் அவர் பக்கத்தில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோல் வார் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்கள். ஆறு வார்களில் எந்த வார் எந்தக் குதிரைக்குப் போகிறது என்று இருட்டிலும் தெரிந்த விரல்கள்.

ஆம்புலன்ஸ் வருகிறது என்றதும் ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "சைரன் போட வேணாம்னு சொல்லுங்க! குதிரைங்க மிரளும்!"

சைரன் இல்லாமல் வந்தது. இரண்டு பக்கமும் குதிரைகளின் பின்புறங்கள் சுவர் போல நிற்க, நடுப் பாதையில் ஹார்லனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஆறு குதிரைகளில் ஐந்து திரும்பிப் பார்த்தன. பிஷப் என்று பெயர் வைத்த முன்ஜோடிக் குதிரை மட்டும் வைக்கோலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான், சாப்பாட்டு நேரத்தில் அதற்கு யாரும் முக்கியமில்லை.

சவ அடக்கம் செய்யும் கடைக்காரர் ஹார்லனின் ஒன்றுவிட்ட தம்பிதான். "நாளைக்குக் காலைல வாங்க, அண்ணி. இப்ப அங்க வந்து நீங்க செய்றதுக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கேயோ ஆறு குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். அதனால் ஆர்லிஸ் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

சேதி பரவ, ஒவ்வொருவராக வந்தார்கள். லூத்தரன் சர்ச் சார்பில் பொருட்காட்சியில் உணவுக் கடை போட்டிருந்த பெண்கள் மூன்று பேர் ஆப்பிள் கேக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருத்தி அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "இனிமே நீ யார்கிட்டப் பேசுவ, ஆர்லிஸ்? வண்டில கூட ஒரு நிமிஷம் விடாம அவர்கிட்டப் பேசிட்டே வருவியே," என்று விம்மினாள்.

"ஆமா," என்றாள் ஆர்லிஸ். 

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கழுத்தில் தொங்கிய கல்லை யாரோ கழற்றிவிட்ட மாதிரி. யார் காலும் நசுங்கவில்லை. அவளும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அலுவலகத்தில் வாயைத் திறந்தாளே தவிர ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஹார்லன், கண் தெரிந்த மனுஷனாகவே, இந்த மாவட்டத்தின் முதல்தர வண்டியோட்டியாகவே போய்விட்டார். இந்த நிம்மதியை வைத்துக்கொண்டு எப்படி அழுவது என்றுதான் தெரியவில்லை. ட்ரூடி இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

நாலரை மணிக்கு மைலோ வாஷெக் வந்தார். ஆள் கொட்டில் கதவு அகலம். முப்பது வருஷமாக ஹார்லனுக்கு எதிராக ஓட்டி, ஒரு வருஷம் ஜெயித்து அடுத்த வருஷம் தோற்பவர். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். ட்ரூடி தண்ணீர் வாளியோடு வெளியே போனதும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். கட்டு முனகியது.

"ஆறுக்கும் பின்னல் போட்டாச்சு போல," என்றார்.

"ட்ரூடி விடியக்காலமே முடிச்சிட்டா."

"நாங்க எல்லாரும் பேசினோம். ட்ரூடி ஓட்டிட்டு வரட்டும். போட்டிக்கு இல்ல, எங்களோட சேர்ந்து ரெண்டு மூணு சுத்து. அவ ஓட்டுவாதானே?"

"வீட்ல ஓட்டியிருக்கா. அவங்கப்பனுக்குத்தான் கையிலிருந்து வாரைக் குடுக்க மனசு வராது." ஆர்லிஸ் யோசித்தாள். அலங்காரம் செய்த ஆறு குதிரைகள் கொட்டிலில் சும்மா நிற்பதை ஹார்லன் ஒத்துக்கொள்ள மாட்டார். "கேட்டுப் பாரு. சரின்னுதான் சொல்லுவா."

"நீ பக்கத்துல ஏறிக்கிறியா?"

"மாட்டேன்," என்றாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

மைலோ தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "வேணாந்தான். ட்ரூடிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே ஒலிபெருக்கியில் யாருடைய வண்டியோ வழியை மறைத்து நிற்கிறது என்று அறிவித்தார்கள்.

"என்ன சொன்ன?"

"எங்களுக்குத் தெரியும், ஆர்லிஸ்."

"எங்களுக்குன்னா?"

"எனக்கு. அப்புறம் ஆறு குதிரை ஓட்டுற எல்லாருக்கும். ரெண்டு வருஷமா. ஹார்லனே வந்து சொன்னான். 'மைலோ, எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரியல. நீ என் பின்னாலயே வா. நாலு வண்டி நீளம் விட்டு வா. எவனையும் முந்த விடாத'ன்னான். நான் ஒருத்தன் எப்படிச் சமாளிக்கிறது? மத்தவங்ககிட்டயும் சொன்னேன். அன்னையிலிருந்து அவனை யாரும் முந்துறதில்ல. வளைவுல கிட்டப் போறதில்ல."

"காலைல முந்துனானே!"

"அது புது ஆளு, வெளி மாநிலம். அயோவாக்காரன். நேத்துதான் வந்தான். அவன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். கூட்டத்துல நானும் முன்னால மாட்டிக்கிட்டேன். என் தப்பு." மைலோ மூக்கை உறிஞ்சினார். "இப்பச் சொன்னேன். நாற்பது வயசு ஆளு, வாளி மேல உக்காந்து அழுதுட்டான்."

ஆர்லிஸ் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். "அப்ப நான் எதுக்குடா? ரெண்டு வருஷமா, ஒவ்வொரு போட்டிக்கும், தொண்டத்தண்ணி வத்த வத்த, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு... முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே கிடையாது, தெரியுமா? வாயாடின்னு பேரு வேற!"

"நான் சொன்னேன் அவன்கிட்ட. ஆர்லிஸ் பயந்து சாகுறா, நாங்க பாத்துக்கிறோம்னு அவகிட்டச் சொல்லிருன்னேன். வேணாம்னுட்டான்."

"ஏன்?"

மைலோ தொப்பிக்குள் எதையோ தேடுவது போலப் பார்த்தார். "'தெரிஞ்சா இறங்கிருவா'ன்னான்."



"வீட்ல உங்களுக்குள்ள நாளுக்கு ரெண்டு வார்த்தைதானாமே," என்றார் மைலோ, வேண்டாத வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும் அவசரத்தோடு. "'வண்டில மட்டுந்தான் மைலோ அவ எங்கூடப் பேசுறா. நிறுத்தாம பேசுறா. அது கேக்க நல்லா இருக்கு'ன்னான். நான் என்ன பண்ண முடியும்?"

ஆர்லிஸ் காலடியில் இருந்த வாளியை ஓங்கி உதைத்தாள். அது பாதை முழுக்க உருண்டு போய் எதிர்ச் சுவரில் மோதியது. பிஷப்கூடத் தலையைத் தூக்கியது.

"கிழட்டுக் கழுதை!"

"குதிரைக்காரனைப் போய்க் கழுதைங்கற," என்றார் மைலோ.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. மைலோ அவள் முதுகில் தட்டினார், மிரண்ட குதிரையைத் தட்டுவது போலக் கொஞ்சம் பலமாகவே.

"அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"தப்புதான்," என்றார் மைலோ. அவர் மழுப்பவில்லை. "எங்க எல்லார் மேலயும் தப்பு. போதும் ஹார்லன்னு ஒருத்தன்கூடச் சொல்லல. சொல்ல மனசு வரல."

"நான் சொல்லத்தான் போனேன்."

"தெரியும். ஆபீஸ் வரிசைல உன்னைப் பாத்தேன். அப்பாடா, இவளாவது சொல்றாளேன்னுதான் நெனச்சேன்." அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "செத்த சேதி கேட்டதும் மொதல்ல எனக்கு மூச்சு வந்துச்சு, ஆர்லிஸ். அப்புறந்தான் அழுகை வந்துச்சு. சொன்னா அசிங்கம்."

"அசிங்கமில்ல," என்றாள் ஆர்லிஸ்.

ஆறு மணிக்குக் களத்தைச் சுற்றிக் கம்பியோரம் நிற்க இடமில்லை. ட்ரூடி அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தாள். கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். ஏறும்போது, "அம்மா, வரலையா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லடி, நான் கீழ நின்னு பாக்குறேன்," என்றாள் ஆர்லிஸ்.

கூட்டத்தை நோக்கி நடந்தபோது அவளுக்குப் பசித்தது. சாதாரணப் பசி இல்லை, காதை அடைக்கும் பசி. போட்டி நாளில் ஒரு வாய் ரொட்டிகூட இறங்காத உடம்பு அது, இப்போது பன்றிக்கறி வறுக்கும் வாசனைக்கு எச்சில் ஊறியது. சர்ச் கடைக்குப் போய் ஹாம் சாண்ட்விச் ஒன்று கேட்டாள். கடைக்காரி அவளைப் பார்த்துத் திகைத்து, தாளில் சுற்றி இரண்டு கொடுத்தாள். காசு வாங்கவில்லை. புருஷன் செத்து நாலு மணி நேரந்தான் ஆகிறது, இவள் கடுகுச் சாந்து கூடுதலாகப் போடச் சொல்கிறாளே என்று அவள் நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆர்லிஸ் கம்பியோரம் போய் நின்றாள். முன்னால் நின்ற ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது.

ஒலிபெருக்கியில் ஹார்லனின் பெயரைச் சொன்னார்கள். தொப்பிகள் இறங்கின. ஆர்கன் தொடங்கியதும் வாசல் திறந்து, பிஷப்பும் அதன் ஜோடியும் முன்னால் வர, ஆறு சாம்பல் குதிரைகள் மண்ணை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தன. தரை அதிர்ந்தது. வெயில் சாய்ந்து பித்தளை வளையங்களெல்லாம் மின்னின.

இவ்வளவு அழகா, என்றிருந்தது ஆர்லிஸுக்கு. தன் குதிரைகள் களத்தில் ஓடுவதை அவள் இரண்டு வருஷமாக வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. இருக்கையிலிருந்து தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு காதுகளும் அடுத்த ஆபத்தும்தான். ட்ரூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, கை நடுங்கவில்லை. வளைவை அவளே பார்த்து அவளே திருப்பினாள். யாரும் எண்ணவில்லை.

பின்னால் மைலோ வந்தார். பிறகு மற்றவர்கள், கடைசியில் அயோவாக்காரனின் கறுப்புக் குதிரைகள். ஏழு வண்டிகளும் களத்தில் நிறைந்ததும் புழுதி எழுந்தது. ஆர்லிஸ் சாண்ட்விச்சைக் கடித்தாள். மென்றுகொண்டே பார்த்தவள், இரண்டாவது சுற்றில் மெல்வதை நிறுத்தினாள்.

மைலோ நான்கு வண்டி நீளம் பின்தங்கி வந்தார். அவர் குதிரைகள் வேகம் கேட்டுத் தலையை ஆட்டின, அவர் விடவில்லை. ட்ரூடிக்கு முன்னால் போனவர் வளைவு வந்ததும் உள்பக்கம் ஒதுங்கி, வேலியோரம் முழுவதையும் அவளுக்கு விட்டார். களத்தின் எதிர்ப்பக்கம் நெரிசலில் மாட்டிய அயோவாக்காரன், முந்த வழியிருந்தும், கறுப்புக் குதிரைகளை நடைக்குக் கொண்டுவந்து காத்திருந்தான். ட்ரூடிக்கு இது எதுவும் வேண்டியதில்லை. அவள் கண்கள் கழுகுக் கண்கள். அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் யாரும் நெருங்கவில்லை. ஆறு வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாத குறையாக நெருக்கிக்கொண்டு ஓட, ஹார்லனின் வண்டியைச் சுற்றி மட்டும், முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும், ஒரு வீடு கட்டும் அளவுக்கு வெறும் மண் கூடவே சுற்றி வந்தது. மூன்றாவது சுற்றிலும் வந்தது. நான்காவது சுற்றிலும் வந்தது.

"இவங்க ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி ஓட்டுறாங்க?" என்று பக்கத்தில் நின்றவர் யாரிடமோ கேட்டார்.

ஆர்லிஸ் இரண்டாவது சாண்ட்விச்சின் தாளைப் பிரித்தாள்.